ஆடு வாங்கிக் கொடுக்கப் போறீங்களா? ஒருவாட்டி ஊரைப் போய்ப் பாருங்க

'ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஆடு கொடுங்கள்'னு ஆபீஸ் மெயில் வரும். ஜிபேல தட்டிட்டு மறந்துடுவோம். ஐநூறு ரூபாய் எஸ்ஐபி போட பத்து வீடியோ பார்க்கிற நாம, இதுல ஒரு கேள்வியும் கேட்கிறதில்லை.

கேட்கணும். 2006-ல விதர்பா விவசாயிகளுக்கான நிவாரணத் திட்டத்துல மானியத்தோட கலப்பின மாடு கொடுத்தாங்க. வீட்டுல இருக்கிறவங்க சாப்பிடுறதை விட மாடு தின்னுற செலவு அதிகமாகிப் போன கதையை பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். கறவை மாட்டுக்கு தினமும் 25 கிலோ பசுந்தீவனமாவது வேணும். வைக்கோல், புண்ணாக்கு தனி. நிலமில்லாதவங்க இதையெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்கணும். பால் வத்தின மாசத்துலயும் தீனிச் செலவு நிக்காது. நீங்க சொத்துன்னு நினைச்சுக் கொடுத்தது, அவங்களுக்கு இஎம்ஐ.

ஆடு கொஞ்சம் பரவாயில்லை. சினை 5 மாசம்தான், பெரும்பாலும் ரெட்டைக் குட்டி, மேய்ச்சல்லயே பாதி வயிறு நிறைஞ்சிடும். தமிழக அரசு 2011-ல ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடுன்னு ஆரம்பிச்சதும், 2021-22-ல கணவரை இழந்த, கைவிடப்பட்ட 38,800 பெண்களுக்கு 5 ஆடுன்னு அறிவிச்சதும் சும்மா இல்லை. எமர்ஜென்சி ஃபண்ட்னு நாம பேங்க்ல வைக்கிறோமே, அந்தப் பொண்ணுக்கு அது பட்டியில கட்டிக் கிடக்கு. பிள்ளை ஃபீஸா? ஒரு கிடா போகும். ஆனா துள்ளுமாரி வந்தா ஒரே ராத்திரியில ஃபண்ட் காலி.

அதனால பெருங்களத்தூர்ல ரயில் ஏறுங்க, செங்கல்பட்டுல இறங்கி பஸ் மாறுங்க. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கமெல்லாம் அரை நாள்ல போய் வர்ற தூரம்தான். உங்க டிரஸ்ட் வேலை செய்யுற ஊரைக் கேட்டுட்டுப் போங்க. மாலை, சால்வை, போட்டோ எல்லாம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. போன மாசம் கொடுத்த வீட்டைக் காட்டத்தான் ஆசைப்படுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கொடுத்த வீட்டைக் கேளுங்க. அந்த அக்காகிட்ட உட்கார்ந்து பேசுங்க. இப்ப எத்தனை உருப்படி? எத்தனை செத்துச்சு? காதுல இன்சூரன்ஸ் வில்லை இருக்கா, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டாங்களா? வரப்புல அகத்தியோ வேலிமசாலோ நிக்குதா? புழுக்கை வயலுக்குப் போகுதா? உரச் செலவு மிச்சமாகிறது அங்கதான்.

இன்னொண்ணும் கேளுங்க: முதல் பெண்குட்டி அடுத்த வீட்டுக்குப் போகுதா? 1944-ல 17 கிடேரிகளைக் கப்பல்ல புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பித் தொடங்கின ஹெய்ஃபர் அமைப்போட முறை இது. நம்ம ஊர்ல வாரத்துக்கு ஆடு விடுறது தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். என்ன, இங்க பங்கு ஆட்டுக்காரருக்கு இல்லை, அடுத்த ஏழைக்கு.

வரி விஷயம்: 80ஜி கழிவு பழைய முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அதுவும் கிடையாது.

போறதா இருந்தா ஐப்பசி மழையில போங்க. கொட்டகைத் தரை ஈரமா, பரண் போட்டிருக்கா, தீனி எங்கிருந்து வருதுன்னு அப்பத்தான் தெரியும்.