பச்சைக்காய்க்கும் ஒரு மரியாதை: குடலில் வேலை செய்யும் வாழைக்காய் மாவுச்சத்து

காற்றில் சாய்ந்த வாழையில் முக்கால் விளைச்சலில் தார் இருந்தால் வியாபாரி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாட்டுக்கு வெட்டிப் போடுவார்கள், இல்லையென்றால் தோட்டத்திலேயே மட்கிப் போகும். ஆனால், பழத்தில் இல்லாத ஒரு சரக்கு அந்தப் பச்சைக்காயில்தான் இருக்கிறது.

வாழைக்காயின் சதையைக் காயவைத்து எடை போட்டால், ஏறக்குறைய முக்கால் பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறிவிடுகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் மாவுச்சத்து பேருக்குத்தான் மிச்சம். சர்க்கரை மூலக்கூறுகள் மணிமாலைபோல நீளமாகக் கோத்துக்கொண்டால் அதற்குப் ‘பாலிசாக்கரைடு’ என்று பெயர். மாவுச்சத்து, பழங்களில் உள்ள பெக்டின், ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு, கொத்தவரை விதைப் பிசின் எல்லாம் இந்த வகையறாதான்.

அரிசிச் சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே பெரும்பாலும் செரித்துவிடும். வாழைக்காய் மாவுச்சத்தில் ஒரு பகுதி அப்படிச் செரிக்காமல் தப்பித்துப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு இந்த வேலை முதல் வயிற்றிலேயே நடக்கிறது; மனிதனுக்குக் கடைசியில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். இந்த அமிலங்கள் உள்ளே உறிஞ்சப்படும்போது உப்பும் சேர்ந்து போகிறது, உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது.

வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது தண்ணீர் இழப்புதான் என்பதால், இந்தச் செய்தி ஆய்வாளர்களுக்குப் பெரிதாகப் பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலரா நோயாளிகள் 48 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசல். இன்னொரு பிரிவுக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத வகை மக்காச்சோள மாவுச்சத்து. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. மாவுச்சத்து சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணி நேரம். 2000-ம் ஆண்டில் வெளியான முடிவு இது.

அடுத்த ஆண்டே வங்கதேசத்தின் டாக்காவிலிருந்து வாழைக்காய் ஆய்வு வந்தது. நாள்பட்ட வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட, 5 முதல் 12 மாத வயதுள்ள 62 ஆண் குழந்தைகள். அரிசிக் கஞ்சி மட்டும் குடித்த குழந்தைகளில் நான்காம் நாளில் குணமானவர்கள் 23 சதவிகிதம். கஞ்சியில் வேகவைத்த வாழைக்காயைக் கலந்து கொடுத்த பிரிவில் 82 சதவிகிதம். வெந்த காயிலேயே இந்தப் பலன் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு கிராமத்துத் தாய்மார்களையே வீட்டில் செய்து கொடுக்கச் சொல்லி நடத்திய சோதனையிலும் வாழைக்காய் சாப்பிட்ட குழந்தைகள் சீக்கிரம் தேறினார்கள்.

செய்முறை சுலபம். காயைத் தோலோடு வேகவைத்து, தோலை உரித்து, நன்றாக மசித்துக் கஞ்சியில் கலக்க வேண்டும். ஆனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். மற்றக் குழந்தைகளுக்கும் முதலில் கொடுக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், கூடவே சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரை. வாழைக்காய் இவற்றுக்குத் துணை; மாற்று அல்ல. மலத்தில் ரத்தம் வந்தாலோ, கண் குழிவிழுந்து குழந்தை துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ அடுப்பு பற்றவைக்கக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு என்று வரும்போது, வேகவைத்தால் செரிக்காத மாவுச்சத்து பெருமளவு குறைந்துவிடும். ஆறவைத்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். வேகவைக்காத வாழைக்காய் மாவை மோரில் கலக்கிக் குடித்தால் அதிகம் கிடைக்கும். ஒரு தேக்கரண்டியில் ஆரம்பிப்பது நல்லது. எடுத்த எடுப்பில் நாலு கரண்டி போட்டால் வயிறு உப்பி, வாயு பிரியும். வாழைக்காயில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ‘வாழைக்காய்தானே’ என்று எண்ணெயில் பொரித்த சிப்ஸைக் கொறிப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

மாவு தயாரிக்க மொந்தன், நேந்திரன் இரண்டும் ஏற்றவை. தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கறுக்காமல் இருக்கச் சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்து, ஒடித்தால் ‘டக்’கென்று முறியும் வரை தூசி படாமல் உலர்த்தி அரைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுமார் 5 கிலோ காய்க்கு ஒரு கிலோ மாவு தேறும். கேரளாவில் நேந்திரங்காய்ப் பொடிக் கூழ் குழந்தைகளுக்கான பழைய உணவு என்பதால் அங்கே இதற்குச் சந்தை ஏற்கெனவே இருக்கிறது. விற்பனைக்குச் செய்ய நினைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் மதிப்புக்கூட்டல் பயிற்சி கொடுக்கிறார்கள். சாய்ந்த தார்களை மாட்டுக்கு வெட்டும் முன் ஒருமுறை அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.