நலிந்த ஆமையைப் பேணும் நெறி

கொல்லிமலை தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. வல்வில் ஓரி ஆண்ட மலை. கொல்லிப்பாவையின் கதையைத் தந்த மலை. நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர், அடிவாரத்தின் வறண்ட புதர்க்காடு மறைந்து, 1000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பனியும் பசுமையும் சூழ்ந்த வேறோர் உலகம் விரிவதைக் காண்பர். ஒரே மலையின் அடியிலும் முடியிலும் இருவேறு தட்பவெப்பம் நிலவுவது மனிதர்க்கு இன்பம் தருகிறது. ஆமைக்கோ அது வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிப்பது. பேணுவாரின்றி நலிந்த ஆமையொன்று நம் கைக்கு வந்து சேர்ந்தால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வீட்டில் அடைபடும் ஆமை

தமிழகத்து வீடுகளில் அடைபட்டு நலியும் நில ஆமைகளுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது நட்சத்திர ஆமை. கரிய ஓட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்களெனப் பரவியிருத்தலின் இப்பெயர் பெற்றது. வடமேற்கு இந்தியாவை ஒட்டிய பகுதிகளிலும், தென்னிந்தியாவிலும், இலங்கையிலும் உள்ள வறண்ட புதர்க்காடுகளும் புல்வெளிகளுமே இதன் இயற்கை வாழிடம்.

இதன் அழகே இதற்குப் பகையாயிற்று. வளர்ப்புப் பிராணியாக விற்பதற்கென்று இதனைப் பிடித்துப் பெட்டிகளில் அடைத்து வெளிநாடுகளுக்குக் கடத்துகின்றனர். சென்னை, திருச்சிராப்பள்ளி விமான நிலையங்களில் இவ்வாமைகள் பிடிபட்ட செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. செல்வம் சேரும் என்று நம்பி வாங்கி வளர்ப்பாரும் உளர். இதற்கு நேர்மாறாக, 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா' என்னும் பழமொழியை நம்பி, வாயிலில் வந்த ஆமையை விரட்டுவாரும் உளர். முன்னவர் அடைத்து வைக்கின்றனர், பின்னவர் எறிந்துவிடுகின்றனர். இருசாராரும் அவ்வுயிரின் இயல்பை அறியார்.

நோயை மறைக்கும் உடல்

ஐம்பொறிகளை அடக்குதற்கு ஆமையை உவமை காட்டியது திருக்குறள். அவ்வடக்கமே ஆமையைப் பேணுவோரை ஏமாற்றிவிடுகிறது. ஆடு நோயுற்றால் கத்தும், நாய் முனகும். ஆமையோ ஓரிடத்தில் அமைதியாகக் கிடக்கும். அதனை நலம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உணவின்றியும் பல நாள் உயிர் தாங்கும் உடலாதலின், நோய் முற்றிய பின்னரே அது வெளியே தெரிகிறது.

ஆமையின் ஓடு உயிரற்ற மூடி என்று கருதுவதும் பெரும் பிழை. விலா எலும்பும் முதுகெலும்பும் இணைந்து உருவான எலும்புக் கூடு அது. அதன்மேல் நகம் போன்ற தகடுகள் போர்த்தியுள்ளன. அதில் குருதி ஓடுகிறது. தொட்டால் உணர்வும் உண்டு. கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் நெடுங்காலம் வாழ்ந்த 'அத்வைதா' என்னும் பேராமை 2006 மார்ச்சில் இறந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதன் ஓடு வெடித்து, கீழிருந்த சதையில் புண் உண்டாகியிருந்தது. எனவே ஓட்டில் துளையிட்டுக் கயிறு கட்டுவதும், வண்ணம் பூசுவதும் அவ்வுயிரைத் துன்புறுத்தும் செயல்களேயாம்.

நோய்க்குறிகளை அறிந்துகொள்ளுதல் நலம். கண்கள் குழிந்திருப்பின் உடலில் நீர் வற்றியுள்ளது. இமைகள் வீங்கி மூடியிருப்பின், வைட்டமின் 'ஏ' குறைவோ கண் நோயோ காரணமாகலாம். மூக்கில் சளி வடிவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் நுரையீரல் நோயின் அறிகுறிகள். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இன்மையால் சளியை இருமி வெளியேற்ற இயலாது. அழுத்தினால் ஓடு நெகிழ்வதும், கால்கள் உடலைத் தாங்காமல் இழுபடுவதும் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு மெலிந்தமையைக் காட்டும்.

முதலுதவி

முதலில் வேண்டுவது வெப்பம். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சூழலிலிருந்தே பெறும். குளிரில் அதன் குடல் செரிக்காது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். மருந்தும் செவ்வனே வேலை செய்யாது. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆதலின் கொல்லிமலை போன்ற இடங்களில் நோயுற்ற நட்சத்திர ஆமையை இரவில் சிமெண்டுத் தரையில் விடுதல் அதன் நோயை மிகுவிக்கும். காற்று ஊடாடும் பெட்டியில் உலர்ந்த வைக்கோல் பரப்பி, ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கால் வெப்பமூட்டி, 26 முதல் 32 டிகிரி செல்சியசு வரை இருக்குமாறு செய்தல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் விலகிச் செல்ல மறுபக்கம் நிழல் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது நீர். அகன்ற தட்டில் வெதுவெதுப்பான நீரை ஆமையின் தாடைக்குக் கீழே நிற்குமளவு ஊற்றி, 20 நிமிடங்கள் நிற்க விடுதல் வேண்டும். அது தானே குடிக்கும். தேங்கிய கழிவும் வெளியேறும். ஆமை என்றாலே நீரில் வாழ்வது என்றெண்ணிக் கிணற்றில் விடுவோர் உளர். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. அது மூழ்கி இறக்கும்.

உணவு மூன்றாவதே. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் உடனே உணவைத் திணித்தல் தீங்கு. நீர்ச்சத்து மீண்ட பின்னர்ச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, முருங்கைக்கீரை ஆகியன ஏற்றவை. சோறு, பால், ரொட்டி, இறைச்சி ஆகியன ஆகா. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டைத் தூளாக்கி இலையின்மேல் தூவலாம். அச்சத்து உடலில் சேர வெயில் வேண்டும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் பயன் தராது. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை இளவெயிலில், நிழலும் அருகிலிருக்க, திறந்த வெளியில் விடுவதே முறை.

மருந்தை நாமே கொடுத்தல் கூடாது. ஆடுமாடுகளுக்குப் புழு நீக்கப் பயன்படும் ஐவர்மெக்டின் ஆமைக்குக் கொடிய நஞ்சு. ஊர்தோறும் எளிதில் கிடைக்கும் அம்மருந்தை நல்லெண்ணத்தோடு செலுத்தினாலும் ஆமை இறக்க நேரிடும். மருத்துவரை நாடுதலே நன்று. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று 1985 முதல் நாமக்கல்லிலேயே இயங்கி வருதல் இம்மலை மக்களுக்கு வாய்த்த நற்பேறு.

அன்பும் சட்டமும்

இவ்வளவும் செய்து தேற்றிய பின், 'நானே வளர்த்தால் என்ன?' என்னும் எண்ணம் எழுவது இயல்பு. ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை ஏற்பதில்லை. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இடம்பெற்று, புலிக்குரிய காப்பைப் பெற்றுள்ளது. பன்னாட்டு வணிகமும் 2019 முதல் முழுமையாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே ஆமை கிடைத்தவுடன் வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்தலே கடமை; மேற்கூறிய பணிவிடைகள் எல்லாம் அதுவரைக்குமான உதவியே.

காட்டில் நாமே கொண்டுபோய் விடுதலும் பிழை. அடைபட்டிருந்த ஆமை தன்னிடமுள்ள நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பக்கூடும். வறண்ட சமவெளிக்குரிய ஆமையைக் குளிர்ந்த மலைச்சோலையில் விட்டுவிட்டு அறம் செய்தோம் என்று மகிழ்தலும் பொருந்தாது. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் கருநாடகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றையும் உடனே காட்டில் விட்டுவிடவில்லை. தனியே வைத்து நோய் ஆய்ந்து, இம்மண்ணுக்குப் பழக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. மீட்பது ஒரு நாட் செயல். தேற்றுவது பல மாதப் பணி.

ஐங்குறுநூறு, தாயின் முகம் நோக்கி வளர்வதாக ஆமைக் குஞ்சைப் பாடுகிறது. கவிதைக்கு அது அழகு. மெய்யான ஆமையோ முட்டையை மண்ணுள் புதைத்து அகன்றுவிடும். குஞ்சு தானே வளரும். காட்டில் எவர் துணையுமின்றி வாழும் அவ்வுயிர், நம் வீட்டில் நம்மை நம்பியே நலிகிறது. முற்கூறிய பழமொழியில் வரும் ஆமை பொறாமை, முயலாமை, கல்லாமை ஆகியவற்றையே குறிக்கும் என்று பெரியோர் பொருள் உரைப்பர். வீட்டுக்குள் வந்த ஆமையைத் துன்புறுத்துவதும் நம் கல்லாமையே. அதனை நீக்கும் கடமை கற்றவர்க்கு உண்டு. மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்களில் இச்செய்திகளை எடுத்துரைப்பாராக.