2,000 பேர் நடந்ததும் ஆடிய லண்டன் பாலம்... காரணம் நம் கால்களா?

லண்டன், 2000 ஜூன் 10. தேம்ஸ் நதியின் மீது கட்டப்பட்ட மில்லினியம் நடைபாலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாள். ஒரு கட்டத்தில் சுமார் 2,000 பேர் பாலத்தின் மேல் இருந்தார்கள். அப்போது பாலம் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. சிலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜூன் 12 அன்று பாலம் மூடப்பட்டது.

ஆடியது அதிகபட்சம் 7 சென்டிமீட்டர்தான். இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால், காலடியில் இருக்கும் தரையே 7 சென்டிமீட்டர் நகர்ந்தால் யாராலும் நேராக நடக்க முடியாது.

நடக்கும்போது நாம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. வலது கால் ஊன்றும்போது உடல் வலது பக்கம் லேசாகச் சாய்கிறது, இடது கால் ஊன்றும்போது இடது பக்கம். விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம். அப்படியென்றால் வலம், இடம் என ஒரு முழுச் சுற்று முடிய சுமார் ஒரு விநாடி. இந்தப் பாலமும் பக்கவாட்டில் ஆட்டிவிட்டால் கிட்டத்தட்ட அதே வேகத்தில், அதாவது 1 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்றுக் குறைவான அதிர்வெண்ணில் ஆடக்கூடியது. கட்டுமான விதிமுறைகளோ மேலும் கீழுமான அதிர்வைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டன. இத்தனைக்கும், ஜப்பானில் ஒரு நடைபாலம் கூட்டத்தால் பக்கவாட்டில் ஆடியது பற்றி 1993-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது!

சரி, இதில் கன்ட்ரோல் இன்ஜினீயரிங் எங்கே வருகிறது?

உள்ளங்கையில் ஒரு குச்சியை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அது சாயும் பக்கமே கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நடையும் அப்படித்தான். உட்காது, கண், பாதத்தின் நரம்புகள் எல்லாம் 'இந்தப் பக்கம் சாய்கிறாய்' என்று சொல்ல, அடுத்த காலை அதற்கேற்ற இடத்தில் வைக்கிறோம். தவறைக் கண்டுபிடித்து, அதைக் குறைக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எதிர்ப் பின்னூட்டம்.

தரை ஆடாதவரை இது பிரமாதமாக வேலை செய்யும். தரை ஆடினால் கதையே வேறு. விழாமல் இருக்க மனிதர் காலை மாற்றி வைக்கிறார். அந்த உந்துதல் பாலத்தை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. பாலம் கூடுதலாக ஆட, அவர் இன்னும் பலமாக ஊன்றுகிறார். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் 'கூய்ய்ய்' என்று காதைக் கிழிக்குமே, அதே நேர்ப் பின்னூட்டம்தான் இதுவும்.

பாலத்தை வடிவமைத்த அரூப் நிறுவனம் பிறகு ஆட்களை நடக்கவிட்டு சோதித்தது. பாலத்தின் வடக்குப் பகுதியில் சுமார் 160 பேர் வரை பெரிய பிரச்சினை இல்லை. இன்னும் சிலர் சேர்ந்ததுமே ஆட்டம் சட்டென எகிறியது! அதாவது கூட்டம் கூடக்கூட ஆட்டமும் படிப்படியாகக் கூடவில்லை, ஓர் எல்லையைத் தாண்டியதும் கைமீறிப் போனது.

எல்லோரும் ராணுவ அணிவகுப்பு போல ஒரே தாளத்தில் நடந்ததால்தான் ஆடியது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, அது தேவையே இல்லை என்கிறது. ஆளாளுக்கு ஒரு தாளத்தில் நடந்தாலும், ஒவ்வொருவரும் விழாமல் இருக்க எடுக்கும் முயற்சியே பாலத்துக்குச் சக்தியைக் கொடுத்துவிடுமாம். அவர்களின் அடிகள் ஒத்துப்போனால், அது ஆட்டம் தொடங்கிய பிறகு நடப்பதாக இருக்கலாம்.

தீர்வு? மக்களின் நடையை மாற்ற முடியாது. எனவே பைக்கின் ஷாக் அப்சார்பர் போல அசைவின் சக்தியை உறிஞ்சும் 37 திரவ டேம்பர்களையும், எடை கட்டிய 50-க்கும் மேற்பட்ட டேம்பர்களையும் பொருத்தினார்கள். செலவு சுமார் 50 லட்சம் பவுண்ட். மறுபடியும் 2,000 பேரை நடக்கவிட்டுப் பார்த்த பிறகு, 2002 பிப்ரவரியில் பாலம் திறக்கப்பட்டது. லண்டன்வாசிகள் மட்டும் அதை இன்னமும் 'ஆடும் பாலம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.