21 நகர்த்தலில் ஒரு டிரா

‘ஆட்டம் டிரா’ என்று செய்தியில் படித்ததும், இரண்டு பேரும் துணியாமல் கைகுலுக்கிவிட்டார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்டங்களும் உண்டு. ஆனால் 1960-ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பாபி ஃபிஷரும் மிகயீல் தாலும் ஆடியதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவின் ஃபிஷருக்கு அப்போது வயது 17. சோவியத் யூனியனின் தால் அந்த ஆண்டுதான் உலக சாம்பியன் ஆகியிருந்தார். முந்தைய ஆண்டு கேண்டிடேட்ஸ் போட்டியில் ஃபிஷரோடு ஆடிய நான்கு ஆட்டங்களையும் வென்றவர் அவர்.

ஃபிஷருக்கு வெள்ளைக் காய்கள். ஏழாவது நகர்த்தலிலேயே அவருடைய ராணி வெளியே பாய்ந்து, அடுத்த சில நகர்த்தல்களில் கறுப்பு ராஜா பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டை விழுங்கிவிட்டது. தால் பதறவில்லை. ராஜாவை எதிர்ப்பக்கம் கோட்டை கட்டி ஒதுக்கிவிட்டு, 14-ஆவது நகர்த்தலில் நடுவிலிருந்த சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். அதன்பின் வெட்டுக்கு வெட்டு. 18-ஆவதில் ஃபிஷரின் குதிரை, தாலின் ராணியையும் யானையையும் ஒருசேரக் குறிவைத்தது. ராணியை நகர்த்திக் காப்பாற்றுவதுதானே வழக்கம்? தால் அந்த யானையைக் கொண்டே வெள்ளை ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை வெட்டி செக் வைத்தார்! யானைக்கு மந்திரியின் காவல் இருந்ததால் ராஜாவால் அதைத் தொட முடியவில்லை. எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூன்று நகர்த்தல் கழித்து மந்திரியும் யானையும் விழுந்தன. இப்போது ஃபிஷரிடம் ஒரு யானை, தாலிடம் அதற்கு ஈடாக ஒரு குதிரை மட்டும். கணக்கில் ஃபிஷருக்கே லாபம். ஆனால் அவருடைய ராஜாவுக்கு மறைப்பில்லை. தாலின் ராணி செக் வைக்கிறது, ராஜா மூலைக்குப் போகிறது, மறுபடி செக், ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு வருகிறது, மறுபடி செக். தப்ப வேறு கட்டமில்லை, குறுக்கே நிறுத்தக் காயுமில்லை. தால் செக்கை நிறுத்தினாலோ, காய்க்கணக்கில் பின்தங்கிய அவருக்குத்தான் ஆபத்து. இதைத் தொடர் செக் என்பார்கள். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. இருவரும் அதுவரை காத்திருக்கவில்லை. 21-ஆவது நகர்த்தலோடு ஆளுக்கு அரைப் புள்ளி.

தனக்கு மறக்க முடியாத 60 ஆட்டங்களைத் தொகுத்து ஃபிஷர் பின்னாளில் எழுதிய புத்தகத்தில், வெற்றிகளுக்கு நடுவே இந்த டிராவும் இருக்கிறது.