சட்டைப்பைக்குள் ஒரு கேமரா

கேமராப் பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது மெகாபிக்சல் எண். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் படப்புள்ளிகள். அவ்வெண் உயர்ந்தால் படமும் சிறக்கும் என்று வாங்குவோர் பலர் கருதுகின்றனர். ஆனால் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் கணக்கிட்டால், ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகளே போதும். அவ்வாறாயின், சிறிய கேமராவின் தரத்தை எதைக்கொண்டு அறிவது?

2012ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட ஆர்எக்ஸ்100 என்னும் கேமராவை எடுத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும். மின்கலத்தையும் நினைவட்டையையும் சேர்த்தே அதன் எடை 240 கிராம்தான், சட்டைப்பையில் அடங்கிவிடும். அதன் பெருமை வெளியே தெரியாத ஓர் உறுப்பில் இருக்கிறது. வில்லை வழியே வரும் ஒளியை, கண்ணின் விழித்திரையைப் போல ஏற்றுக்கொள்ளும் சிறு தகட்டிற்கு உணரி என்று பெயர். அக்காலத்துச் சிறிய கேமராக்கள் பலவற்றில் உணரி சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100 கேமராவின் உணரியோ 13.2 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பில் இது நான்கு மடங்கு.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு குவளையையும் ஓர் அண்டாவையும் வைத்தால் அண்டாவில்தான் மிகுதியான நீர் சேரும். ஒளியும் அவ்வாறே. நண்பகல் வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல படம் தரும், ஒளிக்குப் பஞ்சமில்லை. மாலை மங்கிய பின்னரோ, விளக்கொளி மட்டும் உள்ள கூடத்திலோதான் வேறுபாடு புலப்படும். சிறிய உணரி தனக்குக் கிடைத்த சிறிதளவு ஒளியைக் கருவி பெருக்கிக் காட்டும்போது, படமெங்கும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். அதே சிறிய உணரியில் மெகாபிக்சலை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் மேலும் சுருங்கும். பெட்டியின் மீதுள்ள எண் இதைச் சொல்வதில்லை.

வில்லையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒளி புகும் துளையைக் குறிக்கும் எண் சிறியதானால் துளை பெரிது. இக்கேமராவில் அகன்ற காட்சிக்கு அவ்வெண் 1.8, தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும்போது 4.9. அதாவது, நெருக்கிக் காட்டுகையில் உணரியின்மீது விழும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அவ்வாறு நெருக்கிக் காட்டும் ஆற்றலும் 3.6 மடங்குதான். அதே காலத்தில் 20 மடங்கு நெருக்கிக் காட்டும் சிறிய கேமராக்கள் விற்பனையில் இருந்தன. மரக்கிளையில் அமர்ந்த பறவையைப் படம்பிடிக்க விரும்புவோருக்கு ஆர்எக்ஸ்100 ஏற்றதன்று. பெரிய உணரிக்குப் பெரிய வில்லை வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு சட்டைப்பையில் அடங்க இயலாது.

வடிவமைப்பில் அழகுக்காகச் செய்துகொண்ட சமரசங்களும் உள. அலுமினிய உடல் வழவழப்பானது. முன்புறம் விரல் பற்றுவதற்கு மேடு இல்லை. வியர்த்த கையில் நழுவும் பொருளுக்கு எத்துணை அழகிருந்தும் என்ன பயன்? பின்னர்த் தனியாக ஒட்டிக்கொள்ளும் பிடி ஒன்று விற்பனைக்கு வந்ததே இக்குறைக்குச் சான்று. வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பியே அமைப்புகளை மாற்றலாம் என்பது பாராட்டத்தக்கது. 3 அங்குலத் திரை நிலையானது, சாயாது. கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரமும் இல்லை. ஆகவே கடும் வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க நேரும்.

2014ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் வடிவத்தில் சாயும் திரையும், மேலெழும் சாளரமும் இருந்தன. தொலைவை நெருக்கும்போதும் துளை எண் 2.8க்கு மேல் செல்லவில்லை. எடை 290 கிராமாக உயர்ந்தது. நெருக்கிக் காட்டும் ஆற்றலோ 2.9 மடங்காகக் குறைந்தது.