செட்டின் கணக்கில் எத்தனை ஹெர்ட்ஸ் பிழை?

“எஃப்டி8ல ஜப்பான் வரைக்கும் பேசியாச்சு அண்ணே. இனி என் செட்டுல என்ன பிழை இருக்கப் போகுது?” என்று கேட்டார் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் தம்பி ஒருவர். அமெச்சூர் வானொலிக்கான 4எஸ்7 அழைப்புக்குறி கைக்கு வந்து அதிக நாளாகவில்லை. நியாயமான கேள்விதான். பிளேன்டீயை ஆறவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை தாராள மனசுக்காரன். டயலை 14.074 மெகாஹெர்ட்ஸில் வைத்தால், மென்பொருள் அதற்கு மேலே கிட்டத்தட்ட 3,000 ஹெர்ட்ஸ் அகலத்தை முழுவதுமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொருவருடைய சமிக்ஞையும் 50 ஹெர்ட்ஸ்தான். உங்கள் செட் 60 ஹெர்ட்ஸ் தள்ளிப் பேசினாலும் அந்த அகலத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் விழுந்துவிடும். ஜப்பான்காரர் அங்கேயே உங்களைப் பிடித்துப் பதில் சொல்லிவிடுவார். பிழை இருக்கிறது, தண்டனை இல்லை. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

அதே செட்டை விஸ்பர் முறைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே உலகம் முழுவதற்கும் ஒதுக்கியிருப்பது 200 ஹெர்ட்ஸ் ஜன்னல் ஒன்றுதான். யேசுவின் எஃப்டி-817 போன்ற பழைய கைப்பெட்டிச் செட்டுக்கு, வெப்ப ஈடு செய்யும் கிறிஸ்டலைத் தனியாக வாங்கிப் போடாவிட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் 4 பங்கு வரை பிழையை உற்பத்தியாளரே அனுமதிக்கிறார். 28 மெகாஹெர்ட்ஸில் அது 112 ஹெர்ட்ஸ். ஜன்னலின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வெளியே நின்று கத்துவீர்கள். 50 மெகாஹெர்ட்ஸில் அதே பிழை 200 ஹெர்ட்ஸ் ஆகிவிடும்.

இதை அளக்கும் கருவி உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. எஃப்டி8க்காக இறக்கி வைத்த டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளிலேயே ஃபிரெக்கால் என்று ஒரு முறை உண்டு. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். மென்பொருளின் மூலவர் ஜோ டெய்லர், 1993இல் இயற்பியல் நோபல் பெற்றவர். 1974இல் அவரும் ரஸல் ஹல்ஸும் கண்டுபிடித்த இரட்டைப் பல்சார், டாப்ளர் விளைவால் துடிப்பின் இடைவெளி கூடிக் குறைந்ததைக் கவனித்ததால்தான் அகப்பட்டது. அந்த டாப்ளர் நம் கதைக்குள்ளும் வரும், தொல்லையாக.

ஃபிரெக்கால் செய்யும் வேலை எளிது. அணுக்கடிகாரத்தைப் பின்பற்றும் நேர நிலையம் ஒன்றின் அலையை எடுத்துக்கொள்ளும். டயலை அதற்குச் சரியாக 1,500 ஹெர்ட்ஸ் கீழே வைக்கும். செட் மேல்பக்கப் பட்டையில் இருந்தால் 1,500 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று கேட்க வேண்டும். 1,506 கேட்டால், செட் தான் காட்டும் எண்ணைவிட 6 ஹெர்ட்ஸ் கீழே நிற்கிறது என்று அர்த்தம். சவுண்ட் கார்டைச் சந்தேகிக்க வேண்டாம். அது பத்து லட்சத்தில் 100 பங்கு பிழை செய்தாலும் 1,500இல் வருவது 0.15 ஹெர்ட்ஸ்தான்.

எந்த நிலையம்? அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகள் எல்லாம் கொலராடோவின் டபிள்யூடபிள்யூவியைச் சொல்லும். கண்டியில் அதை நம்பியிருக்க முடியாது. நமக்குக் கிட்டத்தில் இருப்பது சீனாவின் பிபிஎம். ஷான்ஷி மாகாணத்திலிருந்து சுமார் 4,250 கிலோமீட்டர் கடந்து 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. ஆனால் அதே எண்களில் கொலராடோவும் ஹவாயும் பேசுகின்றன. மூன்றும் கலந்தால் அளவு குழம்பும். எனக்குப் பிடித்தது மொஸ்கோவின் ஆர்டபிள்யூஎம். 4.996, 9.996, 14.996 என்று 4 கிலோஹெர்ட்ஸ் ஒதுங்கித் தனியாக நிற்கிறது. அதோடு ஒவ்வொரு அரை மணியின் முதல் எட்டு நிமிடமளவும் எந்தத் துடிப்பும் இல்லாத வெறும் அலையைத்தான் அனுப்பும். நம் நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால் கணக்கு எதுவும் போட வேண்டாம்: கண்டி மணிக்கூண்டு மணியையோ அரையையோ காட்டும்போது, மொஸ்கோ வெறும் அலையைத் தொடங்கியிருக்கும். டயல் 9.9945.

ஒரே அலைவரிசையோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. 5இல் 6 ஹெர்ட்ஸ், 10இல் 16, 15இல் 26 என்று ஒரு செட் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 10 மெகாஹெர்ட்ஸை மட்டும் அளந்தவர் “பத்து லட்சத்தில் 1.6” என்று முடிவு கட்டி, 50இல் 80 ஹெர்ட்ஸ் திருத்துவார். உண்மையில் அங்கே பிழை 96. மூன்றையும் வரைதாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும்: ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 2 ஹெர்ட்ஸ் ஏற்றம், அதிலிருந்து எப்போதும் 4 கழிவு. கொழும்பு வீதித் துணிக்கடையின் பழைய அளவு நாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். இழுபட்டுப்போன நாடா நீளத்துக்கு ஏற்பப் பிழை தரும். நுனி கிழிந்த நாடா எதை அளந்தாலும் ஒரே அளவு பிழை தரும். இரண்டும் சேர்ந்த நாடாவை ஒரு துண்டை அளந்து கண்டுபிடிக்க முடியாது.

செட்டுக்குள் இழுபடுவது தலைமைக் கிறிஸ்டல். நுனி கிழிவது, பழைய செட்டுகளில் தனியாக இன்னொரு கிறிஸ்டலில் ஓடும் பிஎஃப்ஓ என்ற, ஒலியை மீட்டெடுக்கும் அலையாக்கி. ஐதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸில் எல்லா அலைகளும் ஒரே 25 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலிலிருந்து பிறப்பதால், நிலையான பிழை பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். உங்கள் அளவில் அது பெரிதாக வந்தால் முதலில் அளவைச் சந்தேகியுங்கள், பிறகு செட்டை.

இனி டாப்ளர். அயனமண்டலத்தில் பட்டு வரும் பாதை வினாடிக்கு 30 மீட்டர் வீதம் சுருங்கினால் 10 மெகாஹெர்ட்ஸ் அலை 1 ஹெர்ட்ஸ் ஏறிக் கேட்கும். விடியலிலும் அந்தியிலும் அந்த மண்டலம் வேகமாக ஏறி இறங்கும். கண்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே போகிறது. அந்தி சாய்ந்து நள்ளிரவு வரைக்கும் அந்த வட்டாரத்து அயனமண்டலம் அடிக்கடி குமிழிட்டுக் கலங்கும். சுத்தமான ஒற்றை ஒலி பிசிறிப் போகும். அலுவலகம் விட்டு வந்து ஏழு மணிக்கு அளக்க உட்காருகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. 10, 15 இரண்டையும் நண்பகலையொட்டி எடுங்கள். 5 பகலில் எட்டாது. அதை நள்ளிரவு தாண்டி எடுங்கள். இரண்டு வேளையிலும் செட் ஒரு மணி நேரமாவது சூடேறியிருக்க வேண்டும்.

பழைய திருத்தம் ஏதும் இருந்தால் முதலில் பூச்சியமாக்கிவிட்டு, டூல்ஸ் பட்டியலில் அளவுச் சுற்றை ஓட்டுங்கள். பிறகு தீர்வு காணச் சொன்னால் சாய்வும் நிலையான பிழையும் எவ்வளவு என்று மென்பொருளே சொல்லிவிடும். ஏற்றுக்கொண்டால் அடுத்த நொடியிலிருந்து அது செட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு எண்ணிலும் திருத்தம் சேர்ந்துவிடும்.

தம்பி இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். திருந்தியது மென்பொருள், செட் அல்ல. கேபிளைக் கழற்றி மைக்கைக் கையில் எடுத்தால் பழைய பிழை அப்படியே இருக்கும். ஐகாம் ஐசி-7300 போன்ற செட்டுகளில் உள்ளே இருக்கும் ஆதாரக் கிறிஸ்டலையே மெனுவில் நகர்த்தலாம். முடிந்தவர்கள் முதலில் அதைச் செய்து, மிச்சத்தை மட்டும் மென்பொருளிடம் விடுவது நல்லது. வெப்ப ஈடு இல்லாத செட்டைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனால், கண்டிச் சூட்டில் எடுத்த எண்கள் அந்தக் குளிருக்குப் பொருந்தாது. அங்கேயே இன்னொரு முறை மொஸ்கோவைக் கேட்டுவிட்டு விஸ்பரைத் தொடங்குங்கள்.