களாவா, விஷமா? முள்ளைத் தேடுங்க

போன வாரம் டர்பன்ல இருக்கற தோழி ஒருத்தி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. பளபளன்னு தடிச்ச இலை, நடுவுல கருநீலமா சின்னச் சின்னப் பழம். "இது நம்ம ஊர் களாப்பழம்தானே? சாப்பிடலாமா?"

"வாயில வைக்காத, செடியில முள் இருக்கான்னு பாரு"ன்னு வாய்ஸ் நோட் போட்டேன்.

அவ கேட்டதுல தப்பில்லைங்க. தென்னாப்பிரிக்காவுல நம்ம களாவோட சொந்தக்காரங்க இருக்காங்க. எல்லாமே கரிசா பேரினம், அங்க பேரு 'நம்-நம்'. கடலோர மணல்மேட்டுல வளர்றது பெரிய நம்-நம். ஜூலு மொழியில அமதுங்குலு. செக்கச்செவேல்னு 5 செ.மீ. வரைக்கும் பழம், ஜாம் போடுவாங்க. கவைமுள் நம்-நம்ல பழம் பொடிசு, அதுவும் சிவப்பு. ஒற்றைமுள் நம்-நம் பழுத்தா கருப்பாயிடும். நம்ம ஊர்ச் சிறுகளாவும் இதுவும் ஒரே இனம்னுதான் இப்போ தாவரவியல்காரங்க வகைப்படுத்தறாங்க.

இந்த மூணுக்குள்ள எதை எதுன்னு குழப்பிக்கிட்டாலும் பழுத்த பழம்னா ஆபத்தில்லை. வில்லன் வேற: அகோகாந்தெரா. இதுவும் அதே அரளிக் குடும்பம்தான். இதோட சாறைக் காய்ச்சி அம்புல தடவி வேட்டையாடியிருக்காங்க. இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடிய விஷம்.

கொடுமை என்னன்னா, ரெண்டும் அப்படியே ஒண்ணு மாதிரி இருக்கும். எதிரெதிரா தடிச்ச இலை, வாசனையான வெள்ளைப் பூ, சிவந்து கருக்கிற பழம். 'கிள்ளினா பால் வந்தா விஷம்'னு ஊர்ல சொல்வாங்களே, அதுவும் இங்க செல்லாது. களாவுலயும் பால் வரும்.

முள்தான் நமக்குத் துணை. நம்-நம்ல கெட்டியான முள் இருக்கும். பெரியதுல Y மாதிரி ஒரு தடவை பிரியும். கவைமுள்ளுல சிலசமயம் பிரிஞ்ச முனை மறுபடியும் பிரியும். அகோகாந்தெராவுல முள்ளே கிடையாது. பூவையும் பாருங்க: நம்-நம்ல கிளை நுனியில, அகோகாந்தெராவுல இலைக்கணுவுல கொத்தா ஒட்டிக்கிட்டு.

ஒரு சிக்கல். தோட்டத்துக்குன்னே முள்ளில்லாத நம்-நம் ரகங்களும் வளர்க்கறாங்க. அதனால முள் இல்லைன்னா விஷம்னு முடிவு கட்ட முடியாது. ஆனா சாப்பிடவும் கூடாது. இந்த விஷயத்துல நான் கஞ்சம்தான், சந்தேகம் வந்தா ஒரு பழம்கூட வேணாம்.

தோழி திரும்பப் போய்ப் பார்த்தா. முள் ஒண்ணுகூட இல்லை, பழமெல்லாம் இலைக்கணுவுல கொத்துக் கொத்தா. "பறிச்சதைத் தூக்கிப் போட்டுட்டேன், கையும் கழுவிட்டேன்"னு மெசேஜ் வந்த பிறகுதான் எனக்கு உசுரே வந்துச்சு.